தடைக்காலத்துக் காய்ச்சல்

— “…இரண்டாயிரத்து இருபத்தைந்து, மே மாதம் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. வெளியே முப்பத்தெட்டு டிகிரி வெயில். காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. நோயாளி சாரதாம்பாள், பட்டினச்சேரி; வயது அறுபத்து நான்கு.” இதோட மூணாவது தடவையா ஆரம்பிக்கிறேன், அருள்ராஜ். இனிமே நீங்க குறுக்க பேசினா அதுவும் சேர்ந்து இந்த போன்ல பதிவாயிடும்.

— பதிவாகட்டும் டாக்டரம்மா. எங்கம்மாவுக்கு ஊசிய நிறுத்துற பேச்சே இல்லன்னு நான் சொன்னதும் சேந்து பதிவாகட்டும்.

— மேக்கேருந்து வீசுதுன்னா என்னா அம்மாடி? கச்சான்னு சொல்லு. எழுதுறத ஒழுங்கா எழுத வேணாமா? அறுவத்தி நாலும் மேரி ஆபீசுல பொறப்பு எழுதினபடிதான். எங்காத்தா கணக்குல அறுவத்தியாறு.

— “காற்று: கச்சான். வயது: பிறப்புப் பதிவின்படி அறுபத்து நான்கு, தாய் சொன்னபடி அறுபத்தாறு.” இப்ப சரிங்களா அம்மா?

— இப்ப சரி.

— வெயிலும் காத்தும் எதுக்கு டாக்டரம்மா? இது என்னா, கடலுக்குப் போறவனுக்குப் படிக்கிற அறிக்கையா?

— உடம்பு சூடானா உங்கம்மாவோட நரம்பு இன்னும் மெதுவா வேலை செய்யும். கத்திரி வெயில்ல நடக்கவிட்டுப் பார்த்துட்டு, கார்த்திகையில நடந்ததோட ஒப்பிட்டு, நோய் கூடிடுச்சுன்னு எழுதினா அது தப்பான பதிவு. அதனால நேரமும் வெயிலும் முதல்ல. இதைத் தமிழ்ல, சத்தமாச் சொல்றது அவங்க காதுல விழணும்னு. அவங்களைப் பத்தித்தானே எழுதுறேன். தப்பா இருந்தா அவங்க நிறுத்தலாம்.

— கேட்டுக்கிட்டியாடா? என்னப் பத்தி எழுதுறதாம். ஒன்னப் பத்தி இல்ல. சும்மா கெட.

— “நோய்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்பைச் சுற்றியுள்ள உறை ஆங்காங்கே அழிந்துபோவது. நாற்பத்தொன்றாம் வயதில், மீன் ஏலம் கூவிக்கொண்டிருந்தபோது, கூடை ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்ததில் தொடங்கியது.”

— ரெண்டா தெரிஞ்சுதா, ரெண்டு மடங்கு வெல கூவிட்டேன். அத எழுதினியா?

— எழுதலைங்க.

— எழுது. அன்னைக்கு ஒருத்தனும் எடுக்கல.

— “கண், கை, கால் என்று பல ஆண்டுகள் திடீர்த் தாக்குதல்கள். வாரம் ஒரு முறை போடும் ஊசி தொடங்கிய பின் அவை குறைந்தன. கடந்த ஒன்பது ஆண்டுகளாகத் தாக்குதல் ஏதும் இல்லை. ஸ்கேனில் புதிய தழும்பும் இல்லை. வலது காலின் விறைப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் கூடிவருகிறது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க இயலவில்லை.”

— அங்கதான் டாக்டரம்மா நிக்கணும் நீங்க. ஒம்பது வருஷமா ஒண்ணும் இல்லன்னு ஒங்க வாயாலயே சொன்னீங்க. எதனால? ஊசியாலதான். நல்லா ஓடுற எஞ்சின நடுக்கடல்ல எவனாவது அணைப்பானா?

— போன ரெண்டு தடவையும் இதே கேள்வியைக் கேட்டீங்க.

— போன ரெண்டு தடவையும் நீங்க பதில் சொல்லல.

— சொன்னேன். உங்களுக்குப் பிடிக்கல.

— கார்த்திகையில ஒரு தரம், மாசியில ஒரு தரம், இப்ப மூணாந்தரம். ஏலமா இருந்தா இந்நேரம் கூடையத் தூக்கிக் குடுத்துட்டு அடுத்த கூடைக்குப் போயிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் இன்னும் மொதக் கூடையிலயே நிக்கிறீங்க.

— இன்னொரு தடவை சொல்றேன், அம்மா. உங்களுக்காக. இந்த நோயில ரெண்டு விதமான சேதம் இருக்கு. ஒண்ணு, திடீர்னு வந்து அடிக்கிறது. இளவயசுல அதுதான் அதிகம். இந்த ஊசி அதைத்தான் குறைக்கும். இன்னொண்ணு, சத்தமில்லாம உள்ளுக்குள்ள தேய்ஞ்சுகிட்டே போறது. வயசாக ஆக அடிக்கிறது தானாவே அடங்கும், தேய்மானம் மட்டும் தொடரும். அந்தத் தேய்மானத்தை இந்த ஊசி தொடாது. புயல் வேற, கரை அரிப்பு வேறங்கிற மாதிரி.

— கடக்கரையில பொறந்தவகிட்டயே கரை அரிப்பா?

— மன்னிச்சுக்கோங்க.

— பரவால்ல. வெளங்குது. புயலுக்குப் போட்ட கல்ல வச்சு அரிப்ப நிறுத்த முடியாது. அதானே?

— அதேதான். உங்களுக்கு இப்ப இருக்கிறது அரிப்பு. அதுக்கு விறைப்பு மாத்திரை, தினமும் கால் பயிற்சி, உடம்பைக் குளிர்ச்சியா வைக்கிறது, விழாம பார்த்துக்கிறது. இதெல்லாம் தொடரும். ஊசியை நிறுத்தறதுன்னா வைத்தியத்தை நிறுத்தறது இல்ல.

— குளிர்ச்சிக்கு என்னா, துண்டுல ஐஸ சுத்திக் கழுத்துல போட்டுக்கிட்டுதான் கூவுறேன். மவன் ஐஸ் பிளாண்டு வச்சிருக்கான், எனக்கு என்னா கொற.

— நல்லது, அதை விடாம செய்யுங்க.

— பேச்ச மாத்தாதீங்க. அறுபத்தி நாலுன்னா கழிச்சுக் கட்டுற வயசா? எங்ககிட்ட ஒரு படகு இருக்கு, அம்மா ஏலம் கூவி வாங்கிக் குடுத்தது. ஓட்டைய அடைச்சு அடைச்சு இன்னும் ஓட்டுறோம். பழசாயிடுச்சுன்னு ஒடைச்சா போட்டோம்?

— கழிச்சுக் கட்டுறதா இருந்தா, அருள்ராஜ், பாண்டிச்சேரியிலேருந்து மாசம் ஒரு நாள் இந்தக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு தூரம் வந்து உங்ககிட்ட இந்தப் பேச்சு வாங்கமாட்டேன்.

— எங்க ஊருப் பஞ்சாயத்துலயும் பேசிட்டேன். பஞ்சாயத்தார் அத்தன பேரும் ஒரே முடிவா சொல்லிட்டாங்க, நிறுத்தக் கூடாதுன்னு.

— பஞ்சாயத்துல பேசினீங்களா?

— வல சண்டைக்கும் கோயில் வரிக்கும் கூடுவாவொ. இப்ப என் ஊசிக்குக் கூடியிருக்காவொ. இதுல என்ன மட்டும் கூப்புடல.

— பொம்பளைங்க பஞ்சாயத்துல ஒக்கார மாட்டாங்கம்மா. ஒனக்குத் தெரியாதா?

— தெரியும். அதான் அவ்வொ வலயப் பத்தி மட்டும் பேசட்டும்ங்கிறேன்.

— “மகன் கிராமப் பஞ்சாயத்தில் ஆலோசித்தார். பஞ்சாயத்து, ஊசியைத் தொடருமாறு ஒருமனதாகக் கருத்துத் தெரிவித்தது. பஞ்சாயத்தில் நரம்பியல் மருத்துவர் எவரும் இல்லை.”

— நக்கல் பண்றீங்க டாக்டரம்மா.

— பதிவு பண்றேன். அம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க? இதையும் மூணாவது தடவையா கேக்கிறேன். போன ரெண்டு தடவையும் இவர்தான் பதில் சொன்னார்.

— அம்மா என்னா சொல்லும்? நான் சொல்றதுதான்.

— அருள்ராஜ்.

— சரி. அது பேசட்டும்.

— எனக்கு ஒண்ணு தெரியணும். நான் இந்த ஊசியே போடாம இருந்திருக்கேன்னு வையி. சும்மா ஒரு பேச்சுக்கு. அப்பயும் இந்தக் காலு இப்புடி ஆயிருக்குமா, இல்ல இதவிட மோசமா போயிருக்குமா?

— இதே இடத்துக்குத்தான் வந்திருக்கும்னு நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது.

— ஒறுதியா சொல்ல முடியாது. இத நீ ஒரு சீட்டுல எழுதிக் கதவுல மாட்டி வச்சுடலாம் அம்மாடி. வர்றவன் படிச்சுட்டுத் திரும்பிப் போயிடுவான்.

— இருக்கிறது அதுதாங்க. இன்னைக்கு நான் எழுதியாகணும். அடுத்த ஆறு மாசத்துக்கான ஊசி கேட்டு எழுதணும், இல்லைன்னா நோயாளி நிறுத்த ஒப்புக்கொண்டார்னு உங்க கையெழுத்தோட வைக்கணும். நடுவுல இன்னொரு வழி கிடையாது. மீதியைச் சொல்லி முடிச்சிடுறேன். “ஊசிக்குப் பின் காய்ச்சல், குளிர்: இல்லை.” முன்ன இருந்த டாக்டரும் கடைசி சில வருஷமா தை மாசத்துல இல்லைன்னு எழுதியிருக்கார், எங்கிட்டயும் ரெண்டு தடவை இல்லைன்னீங்க. அதையே போடுறேன்.

— அது இப்ப இருக்கு டாக்டரம்மா. முந்தாநேத்து, ஞாயித்துக்கெழம பூரா, போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு வெடவெடன்னு நடுங்குச்சு. இந்த வெயில்ல.

— அத எதுக்குடா இஞ்ச சொல்லுற?

— கேக்குறாங்கல்ல.

— இந்த ஞாயிறு மட்டுமா?

— சித்திரை பொறந்ததுலேருந்து ஞாயிறு தவறாம. எல்லா வருஷமும் இப்படித்தான். ஆனி பொறந்தா போயிடும். சூட்டுக் காய்ச்சல். பனநொங்கு குடுத்தா எறங்கிடும்.

— சூட்டுக் காய்ச்சல் கிழமை பார்த்து வராது. ஊசி என்னைக்குப் போடுறீங்க?

— சனிக்கெழம ராத்திரி. என் சம்சாரம் அல்லிதான் போட்டுவுடும்.

— சனிக்கிழமைன்னு யார் சொன்னது?

— முன்ன இருந்த டாக்டரு. ஊசி போட்ட மறுநாளு காய்ச்சல் அடிக்கும், ஞாயித்துக்கெழம லீவுதானே, படுத்துக் கெடங்கன்னாரு. மீன் விக்கிறவளுக்கு ஞாயித்துக்கெழம லீவாம். ஊரு பூரா கவுச்சி திங்கிற நாளு அது. சொல்லிப் பாத்தேன். கெழமய மாத்துனா அந்தக் கெழம போவும், எப்புடியும் வாரத்துல ஒரு நாளு போவத்தான் போவும்னாரு. அதுவும் சரிதான்.

— அப்போ ஆரம்பத்துல வாராவாரம் காய்ச்சல் வந்திருக்கு. எப்ப நின்னுச்சு?

— பழகிப்போச்சு. எத்தன வருஷத்துக் கத. வுடு அம்மாடி.

— எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு டாக்டரம்மா. நான் ஐஸ் பிளாண்டுல பங்கு சேந்தேனே, ரெண்டாயிரத்துப் பதினெட்டு, அந்த வருஷம். பிளாண்டு வந்த ராசி, அம்மாவுக்குக் காய்ச்சல் நின்னுச்சுன்னு திருநள்ளாத்துக்குப் போயி எள்ளு தீபம் போட்டுட்டு வந்தேன்.

— வேற எதுவும் மாறலையா? மருந்து, அளவு, ஊசி போடுற ஆளு?

— ஒண்ணும் மாறல.

— ஒவ்வொண்ணா கேக்கிறேன். பொறுமையா சொல்லுங்க. சித்திரை, வைகாசியில உங்க தொழில்ல என்ன மாறுது?

— என்னா மாறுதா? தடைக்காலம் டாக்டரம்மா. மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. படகு இல்லன்னா மீன் இல்ல. மீன் இல்லன்னா ஐஸ் எவனுக்கு வேணும்? பிளாண்ட நிறுத்திப் பூட்டிடுவோம். ஆனி மாசம் தொறப்போம்.

— இப்ப ஊசி எங்க இருக்கு?

— வீட்டுல. ஃப்ரிட்ஜுல.

— பிளாண்ட் ஓடுற மாசங்கள்ல?

— பிளாண்டுலதான்.

— பிளாண்டுல எங்க?

— ஐஸ் ரூம்ல. வீட்டுல கரண்டு போகும், வரும். அந்த வேலயே வேணாம்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டேன். பிளாண்டுல ஜெனரேட்டர் இருக்கு. ரெண்டு ஐஸ் பாருக்கு நடுவுல பொட்டிய வச்சு, மேல ஒரு சாக்கு. எடுக்கப் போனா வெரல் ஒட்டிக்கும், அவ்வளவு குளுரு. இந்த காரைக்கால்ல எந்த மருந்துக் கடையிலயும் அப்படி வச்சிருக்க மாட்டான். ஒரு ஊசி, ஒரே ஒரு ஊசி இதுவரைக்கும் கெட்டதில்ல.

— வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கும்போதா?

— பழச மாத்திட்டு அத வாங்கியே ஆறு வருஷம் ஆவுது டாக்டரம்மா. ஆனா…

— அதுல மீன் கொழம்பு வைக்கவே எடம் பத்தல. வேற கேளு.

— எடுக்கும்போது ஊசிக்குள்ள மருந்து எப்படி இருக்கும்?

— கல்லு மாதிரி இருக்கும். வண்டியில வீட்டுக்குக் கொண்டாறதுக்குள்ள எளகிடும்.

— கல்லு மாதிரி.

— ஆமா. என்னா டாக்டரம்மா, பதிவ நிறுத்திட்டீங்களா?

— நிறுத்திட்டேன்.

— எதுக்கு?

— யோசிக்க. அருள்ராஜ், இந்த மருந்து குளிர்ல இருக்கணும். உறையக் கூடாது. உறைஞ்சு இளகினா உள்ள இருக்கிற சத்து சிதைஞ்சுடும். பார்க்க அப்படியேதான் இருக்கும், தண்ணி மாதிரி. அதுல எவ்வளவு மிச்சம் இருந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. காய்ச்சல் வராததை வச்சுப் பார்த்தா, அனேகமா ஒண்ணுமே இல்ல.

— ஐஸ்ல வச்சா கெட்டுப்போவுமா? எங்க ஊருல எவன்கிட்டயாவது போயி சொல்லுங்க, சிரிப்பான். எங்க பொழப்பே அதுதான். ஐஸ்ல வச்சா கெடாது.

— மீன் கெடாது.

— எவனும் சொல்லலயே. பொட்டி வாங்குறப்பல்லாம் குளுர்ல வைங்க, குளுர்ல வைங்கன்னுதான் சொன்னாங்க. வச்சேன்.

— பெட்டி மேல போட்டிருக்கு, உறைய விடக் கூடாதுன்னு. இங்கிலீஷ்ல, பொடி எழுத்துல. உங்ககிட்ட யாரும் வாய்விட்டுச் சொல்லல. நானும் சொல்லல. ரெண்டு தடவையும் குளிர்ல வைக்கிறீங்களான்னு மட்டும் கேட்டேன், ஆமான்னீங்க, டிக் போட்டுட்டேன். எங்க வைக்கிறீங்கன்னு கேட்டிருக்கணும்.

— அப்ப ஏழு வருஷமா… தடைக்காலத்துல ரெண்டு மாசம் போட்டது மட்டும்தான் மருந்து. மத்ததெல்லாம் தண்ணி.

— அப்படித்தான் தோணுது. காய்ச்சல் வந்ததெல்லாம் வீட்டு ஃப்ரிட்ஜுல இருந்த ஊசிக்கு. அது அந்த மருந்தோட வழக்கமான பின்விளைவு. பிளாண்டுல இருந்த ஊசிக்குக் காய்ச்சல் இல்ல.

— நானே எங்கம்மாவுக்கு மருந்து இல்லாம பண்ணிட்டேனா?

— தம்பி, இஞ்ச பாரு.

— இரும்மா. டாக்டரம்மா, எழுதுங்க. ஆறு மாசத்துக்குக் கேட்டு எழுதுங்க. ஒரு வருஷத்துக்கே எழுதுங்க. இனிமே வீட்டு ஃப்ரிட்ஜுதான். கரண்டு போனா நான் மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். இப்பயாவது ஒழுங்கா போடுவோம்.

— இதுதான் எனக்குப் புரியல. உங்ககிட்ட ஏழு மாசமா நான் என்ன சொல்லிட்டு இருக்கேன்? இந்த வயசுல ஊசியை நிறுத்தினா அனேகமா தாக்குதல் திரும்ப வராதுன்னு. எங்க நிரூபிங்கன்னீங்க. ஏழு வருஷமா, வருஷத்துல பத்து மாசம் ஊசி இல்லாமதான் இருந்திருக்காங்க. வரல.

— அப்ப நிரூபணம் ஆயிடுச்சுங்கிறீங்களா?

— இல்ல. ஒரு ஆளை வச்சு எதுவும் நிரூபணம் ஆகாது. அந்த ரெண்டு மாசத்து மருந்தும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம். அதிர்ஷ்டமாவும் இருக்கலாம். நிறுத்தினாலும் நான் விட்டுடப் போறதில்ல. ஆறு மாசத்துல ஸ்கேன், அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு. பார்வை மங்கினா, புதுசா எங்கயாவது மரத்துப்போனா, மறுநாளே வரணும். தேவைன்னா மருந்தைத் திரும்பத் தொடங்கலாம். ஆனா நீங்க கேக்கிற மாதிரி இனிமே ஒழுங்கா போட்டா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவங்க போர்வைக்குள்ளதான். அதுக்கு ஈடா என்ன கிடைக்கும்னு கேட்டா, இந்த வயசுல ரொம்பக் கொஞ்சம். அல்லது ஒண்ணும் இல்ல.

— ஒறுதியா சொல்ல முடியாது.

— முடியாதுங்க அம்மா.

— முன்ன கேட்டதயே ரெண்டாந்தரம் கேக்குறேன். இப்ப சும்மா பேச்சுக்கு இல்ல. மருந்து இல்லாம இருந்தேன்னு ஆயிப்போச்சு. இந்தப் பய பொட்டிய ஐஸ்ல வச்சதாலதான் எங்காலு இப்புடி ஆச்சா? அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— முன்ன சொன்ன அதே பதில்தான். ஆகலைன்னு நினைக்கிறேன். கால் போனது தேய்மானத்துல. மருந்து ஒழுங்கா இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. நினைக்கிறேன்னு சொல்றேன், தெரியும்னு சொல்லல. இன்னொரு சாரதாம்பாள் ஏழு வருஷம் நல்ல ஊசி போட்டு இதே நாற்காலியில உக்காந்திருந்தாத்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

— கேட்டியாடா? ஒன்னால இல்லயாம்.

— நெனைக்கிறேங்கிறாங்க. தெரியும்னு சொல்லல.

— அவ்வொ பொய் சொல்லல, அதான். பொய் சொல்றவளா இருந்தா இந்நேரம் ஒனக்குப் பிடிச்சதச் சொல்லி அனுப்பியிருப்பா.

— ஊருல என்னான்னு சொல்லுவேன்? பஞ்சாயத்துல நின்னு பேசிட்டு வந்திருக்கேன். அருள்ராஜ் பெத்த தாய்க்கு ஊசிய நிறுத்திட்டான்னு பேசுவான்.

— நீ என்னாத்துக்கு நிறுத்துற? ஒடம்பு யாருது? அம்மாடி, அந்தத் தாளக் குடு.

— அம்மா, அவசரம் வேணாம். வீட்டுக்குப் போயி…

— அவசரமா? மூணு தரம் அலையவுட்டுட்டு அவசரம்ங்கிற நீ. குடு.

— டாக்டரம்மா, நான் போடுறேன் கையெழுத்த. அதுக்குக் கை நடுங்கும்.

— அவங்கதான் போடணும். நடுங்கினாலும் அவங்க கையெழுத்துதான். இங்க ரெண்டு கட்டம் இருக்குங்க அம்மா. மேல இருக்கிறது “தொடர விரும்புகிறேன்.” கீழ இருக்கிறது “விளைவுகளை அறிந்து, நிறுத்த ஒப்புகிறேன்.” ஒண்ணுல கோடு போட்டு, அடியில பேரு, தேதி.

— படிக்கத் தெரியும். அஞ்சாவது வரைக்கும் போயிருக்கேன். கண்ணாடிய எடுடா.

— அம்மா, ஒரு வாரம் பொறுத்துப் போட்டா என்னா? வர்ற ஞாயித்துக்கெழம பெரியவங்க நாலு பேரு…

— வர்ற ஞாயித்துக்கெழம நான் போர்வைக்குள்ள கெடக்கணுமா, வேணாமா? அத அந்த நாலு பேரு வந்து கெடந்து பாக்கட்டும், அப்பறம் சொல்லட்டும். கைய எடு. தாளு ஆடுது.

— “நேரம் பன்னிரண்டு மணி. நோயாளி தன் கையால் எழுதுகிறார்.”

— வாயால சொல்லாத. எழுதறப்ப எவனாவது கூவினா எனக்குக் கை ஓடாது. …இந்தா.

— கொடுங்க. “நிறுத்த ஒப்புகிறேன்” கட்டத்துல கோடு இருக்கு. கையெழுத்து தெளிவா இருக்கு. அம்மா, தேதிதான் தப்பு. இன்னைக்கு மே இருபது. நீங்க ஜூன் பதினஞ்சு, இரண்டாயிரத்துப் பத்தொன்பதுன்னு போட்டிருக்கீங்க.

— தப்பு இல்ல. நேரமும் காத்தும் வேணும்னா அதயும் எழுதிக்க. சனிக்கெழம, விடியக்காலம் அஞ்சு மணி, மழ இல்ல, கச்சான். தடை முடிஞ்சு படகு எறங்கின நாளு. புது ஃப்ரிட்ஜு வந்துடுச்சு, இனிமே ஊசி வீட்டுலயே இருக்கட்டும்மான்னு இவன் பொட்டிய எங்கையில குடுத்தான். வேணாம்டா, பழையபடி பிளாண்டுலயே கொண்டு வையின்னு சொன்னது நான். எந்த ஊசிக்குக் காய்ச்சல் வருது, எதுக்கு வரலங்கிறது எனக்கு அன்னைக்கே தெரியும். இப்ப சொல்லு அம்மாடி, மூணாந்தரம் கேக்குறேன். இந்தக் காலு தானா போனதா, நான் போக்கினதா?